ஏகாட்டூர் வரும் வரையில்

கடம்பத்தூர் ரயில் நிலையத்தில், பொழுது நன்றாகப் புலராத வேளையில், பட்டணம் போகும் மின்சார வண்டியை எதிர்பார்த்து நிற்கிறவர்களின் முகங்களைச் சற்று நேரம் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், சரீரம் நடைமேடையில் நிற்க, உள்ளம் மட்டும் எங்கெங்கோ போய் அலைந்துகொண்டிருக்கிறது என்பது எவருக்கும் புலப்பட்டுவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற ஒருவர், முதல் நாள் சூப்பர்வைசர் சொன்ன சுடுசொல்லைத் தமக்குள்ளே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, அப்போது வாயில் வராமற்போன பதிலை இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்கும் பெண்மணி, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய சீட்டுப் பணத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். இரவு ஷிப்டு முடிந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய வாலிபனுக்கு, வீட்டை நோக்கி நடக்கும்போதும் காதில் யந்திரத்தின் இரைச்சல் ஓயவில்லை. வண்டி வருகிறது, எல்லோரும் ஏறுகிறார்கள். ஏறுகிறோம் என்று அறிந்து ஏறியவர்கள் மிகச் சிலரே. நானும் பல வருஷங்கள் அப்படி அறியாமல் ஏறி இறங்கியவன்தான்.

இத்தகைய மனிதர்களிடம் போய்த் தியானம் என்று பேச்செடுத்தால், "அதுக்கெல்லாம் நேரம் ஏது சார்?" என்பதே உடனடியாக வரும் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. வேலைக்கும் பிரயாணத்துக்குமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிற ஒருவரிடம், விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் பத்மாசனத்தில் அமருங்கள் என்று சொல்வது, பசித்தவனுக்கு விருந்தின் விசேஷங்களை விவரிப்பதற்கு ஒப்பாகும். ஆனால் அந்தப் பதிலுக்கு அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. தியானம் என்பது நித்திய ஜீவனத்துக்குப் புறம்பான ஒரு தனிக் காரியம், இருக்கிற காரியங்களோடு கூடுதலாகச் சேர்க்கப்பட வேண்டிய இன்னொரு சுமை என்ற எண்ணம் அது. அந்த எண்ணம் பிழையானது என்பது என் அபிப்பிராயம். அதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை; இதே வண்டியில், பூக்கட்டும் ஓர் அம்மாளிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்தவுடன் மடியில் ஈரத்துணி ஒன்றை விரிப்பார். அதன்மேல் உதிரி மல்லிகையைக் கொட்டி, நனைத்து வைத்திருந்த வாழைநாரில் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். இரண்டு பூ இப்பக்கம், இரண்டு பூ அப்பக்கம், காம்போடு காம்பு சேர்த்து வைத்து நாரை ஒரு சுற்றுச் சுற்றி ஓர் இழுப்பு. உடனே அடுத்த நாலு பூ. வண்டியின் ஆட்டத்துக்கு அவர் தோள் ஆடும், விரல்கள் ஆடமாட்டா. பூவை அழுத்திப் பிடித்தால் இதழ் கன்றிப்போகும், தளரப் பிடித்தால் காம்பு நழுவிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மிக நுட்பமான ஒரு பிடியை அந்த விரல்கள் ஒவ்வொரு முடிச்சிலும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் கேட்டேன்: "ஏம்மா, இத்தனை சத்தத்துல மனசு எங்கேயும் ஓடாதா?" தலை நிமிராமலே சொன்னார்: "ஓடாம என்ன சார்? ஓடும். ஓடினா முடிச்சு நழுவிடும். நழுவினா தெரிஞ்சிடும். மறுபடியும் கைக்கு வந்துடுவேன்."

மனம் ஓடுவது குற்றமன்று. ஓடியதைத் தெரிந்துகொள்வதும், தெரிந்தவுடன் கைக்காரியத்துக்குத் திரும்பி வருவதுமே அப்பியாசம் என்ற பேருண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

சாஸ்திரமும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. கடம்பத்தூரிலிருந்து தெற்கே, தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிக்கொண்டு இன்று கம்பெனி பஸ்கள் ஓயாமல் ஓடுகிற அதே ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் அவதரித்தவர் ஸ்ரீராமாநுஜர். அவர் தம்முடைய ஸ்ரீபாஷ்யத்தில் தியானத்துக்கு இலக்கணம் கூறும்போது, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு எண்ணெயை வார்க்கையில் விழுகிற தாரையைப்போல, இடையறாமல் தொடர்ந்து வரும் நினைவே தியானம் என்கிறார். நீரை வார்த்தால் அது தெறிக்கும், சிதறும், ஓசையிடும். எண்ணெயோ ஒரே இழையாக, ஓசையின்றி இறங்கும். பாஷ்யகாரர் இங்கே பேசுவது பகவானைப் பற்றிய நினைவு என்பதையும், அது பக்தியாகக் கனிய வேண்டியது என்பதையும் நான் மறந்துவிடவில்லை. ஆயினும், பெரியதோர் உண்மையை விளக்க அவர் எடுத்துக்கொண்டது அடுக்களையில் அன்றாடம் நடக்கும் ஒரு காரியத்தைத்தான் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. எண்ணெய் வார்க்கும் கை அதை இழையறாமல் வார்க்கிற அந்த ஒரு கணத்தில், அந்தக் கைக்குரியவரின் சித்தமும் இழையறாமல்தானே இருந்தாக வேண்டும்?

இனி, இதே இருப்புப்பாதையில் பட்டணம் நோக்கிப் போனால் கடம்பத்தூருக்கு ஆறாவது நிலையமாக வரும் திருநின்றவூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான பூசலாருடைய ஊர் அது. தொண்டை மண்டலத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணம் அவருடைய சரிதத்தைச் சொல்கிறது. சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்ட அந்த ஏழை அந்தணர், பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தும் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் தம் நெஞ்சிலேயே அதைக் கட்டத் தீர்மானித்தார் என்பது எல்லோரும் அறிந்த கதைதான். எல்லோரும் அறிந்ததாலேயே அதன் நடுப்பகுதியை நாம் வேகமாகக் கடந்துபோய், அரசன் கனவுக்கும் முடிவில் வரும் அதிசயத்துக்கும் ஓடிவிடுகிறோம். நின்று பார்க்க வேண்டிய இடம் அந்த நடுப்பகுதியே.

மனத்தில் கட்டுகிற கோயில்தானே, கண்ணை மூடியதும் கோபுரம் எழுந்துவிட்டது என்று சேக்கிழார் எழுதவில்லை. பூசலார் முதலில் நெஞ்சுக்குள்ளேயே சிறுகச் சிறுக நிதி சேர்க்கிறார். கட்டுவதற்கு வேண்டிய பொருள்களைத் தேடுகிறார், தச்சர்களை அமர்த்துகிறார், ஆகம விதிப்படி நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் இடுகிறார். இரவிலும் கண்ணுறங்காமல் வேலையை நடத்துகிறார். அடி முதல் முடி வரை ஒவ்வோர் உறுப்பையும் அளவு பிசகாமல் அமைத்து, விமானத்தை உரிய உயரத்துக்குக் கொண்டுவந்து, சிகரம் நாட்டி, சுதை வேலையையும் முடித்து, அதோடு நின்றுவிடாமல் கிணறு தோண்டி, மதில் சுற்றி, திருக்குளமும் வெட்டிய பிறகுதான் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறார். நெடுநாள் நடந்த வேலை அது. கற்பனையில் கட்டுகிறவனுக்குக் கிணறு எதற்கு? மதில் எதற்கு? அவற்றை விட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்பாரில்லாத இடத்திலும் ஒரு செங்கல்லைக்கூடத் தாண்டிப் போகாத அந்தச் சிரத்தைதான் தியானம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

காஞ்சியில் கற்றளி எடுத்து அதே நாளில் பிரதிஷ்டை செய்யவிருந்த பல்லவ மன்னன் கனவில் இறைவன் தோன்றி, அன்றைக்குத் திருநின்றவூர் அன்பன் கட்டிய ஆலயத்துக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்று கூறியதும், மன்னன் வந்து விசாரிக்க, அப்படியொரு கோயிலே இங்கு இல்லையே என்று ஊரார் சொன்னதும் அதற்குப் பின் நிகழ்ந்தவை. அந்த மன்னன் கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராஜசிம்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. திருநின்றவூரில் இன்று இருதயாலீஸ்வரர் என்ற திருநாமத்தோடு ஒரு கோயில் இருக்கிறது. இருதய நோயுள்ளவர்கள் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். பூசலார் கட்டியது ஊராருக்குத் தெரியவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பக்கத்துத் தெருக்காரருக்குக்கூடத் தெரியாதபடி, தம் ஊரைவிட்டு எங்கும் போகாமல், வெளித் தோற்றத்தில் யாதொரு மாறுதலும் இன்றி அது நடந்து முடிந்திருக்கிறது.

இது புராண காலத்துக்கு மட்டும் உரியது, ஆபீசுக்கும் தொழிற்சாலைக்கும் ஒத்துவராது என்று நினைப்பவர்களுக்கு, ரயில்வேயோடு சம்பந்தப்பட்ட ஒருவரையே சாட்சியாகக் காட்டலாம். பர்மா தேசத்து ஊ பா கின் 1917-ல் கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். குடும்பஸ்தர். சயா தெட்ஜி என்ற விவசாயி ஒருவரிடம் விபாசனா தியானத்தைக் கற்றவர். 1941-ல் பர்மா ரயில்வேயின் கணக்கு அதிகாரியாகப் பிரயாணம் செய்துகொண்டிருக்கையில், சௌக்சே நிலையத்தில் வண்டி தங்கிய சமயம் அருகிலிருந்த குன்றின்மேல் ஏறிப் போய், வெபு சயாடோ என்ற துறவியைச் சந்தித்தார். நீ பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்று அந்தத் துறவி அவருக்குச் சொன்னார். பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4-ந் தேதியன்று அந்த நாட்டின் கணக்காயர் தலைவராகப் பதவியேற்ற ஊ பா கின், அலுவலகத்திலேயே ஓர் அறையைத் தியானத்துக்கு ஒதுக்கித் தம் சிப்பந்திகளுக்குப் போதித்தார். ஒரே சமயத்தில் பல இலாக்காக்களின் பொறுப்பை ஏற்று நிர்வகித்தவர் அவர். தியானம் அவரை வேலைக்கு உதவாதவராக ஆக்கிவிடவில்லை. கடுமையான ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் அவரிடம் போய்ச் சேர்ந்த வியாபாரி சத்திய நாராயண கோயங்கா, 1969-ல் இந்தியாவுக்கு வந்து அதே முறையைக் கற்பிக்கலானார். சென்னையை அடுத்த திருநீர்மலைப் பக்கத்தில் அந்த வழியில் பத்து நாள் முகாம்கள் நடைபெறுகின்றன.

பத்து நாள் விடுப்பு யாருக்குக் கிடைக்கும் என்று காண்ட்ராக்ட் தொழிலாளி கேட்பான். அவனுக்கு இன்னும் அருகில் ஒருவர் இருக்கிறார். கூடுவாஞ்சேரியில் 1911 ஆகஸ்டு 14-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தாமும் தறியில் உட்கார்ந்து நெய்து, இல்லறத்தை விடாமலே ஞான மார்க்கத்தில் நின்ற வேதாத்திரி மகரிஷியைத்தான் சொல்கிறேன். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, 'மனவளக்கலை' என்று அவர் பெயரிட்ட பயிற்சி இன்று தமிழ்நாட்டின் ஊர்களில் பரவியிருக்கிறது. 'வாழ்க வளமுடன்' என்று ஒருவர் முகமன் கூறினால் அவர் எந்த மன்றத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கு உடனே தெரிந்துவிடும். கண்ணை மூடிச் செய்யும் தவத்தைக் கற்பித்ததோடு அவர் நிற்கவில்லை. கண்ணைத் திறந்து எழுந்த பிறகு எஞ்சிய பகல் முழுவதும் மனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதிக்க 'அகத்தாய்வு' என்ற ஒன்றையும் வகுத்தார்.

அகத்தாய்வுக்கு வேண்டியவை காகிதமும் பேனாவும். யார் யார் மீது, எந்தக் காரணத்தால் சினம் வருகிறது என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் சினம் வருவதெல்லாம் பெரும்பாலும் வீட்டிலுள்ள நாலைந்து பேர் மீதுதான், அதுவும் நாம் அதிகம் நேசிக்கிறவர்கள் மீதுதான் என்பது விளங்கி மனம் திடுக்கிடுகிறது. கவலைகளையும் அவ்வாறே எழுதி, அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்திவிட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நான்காகப் பிரிக்கச் சொன்னார். நடைமேடையில் சீட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கவலை நாலில் எந்த வகை என்று ஒரு முறை தீர்மானித்துவிட்டால், அதை அன்றைக்கு இருபது தரம் எண்ண வேண்டியதில்லை. ஒரு தரம் எண்ணினால் போதும். தறியில் இழை அறுந்தால் அங்கேயே நிறுத்தி, முனைகளைத் தேடி முடிந்துவிட்டு மேலே நெய்கிற தொழிலாளியின் புத்தி இந்தப் போதனையில் ஓடுகிறதாக எனக்குத் தோன்றுகிறது.

மேல்நாட்டார் மனத்தின் ஓட்டத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், 2,250 பேருடைய கைபேசிக்கு எதிர்பாராத நேரங்களில் கேள்வி அனுப்பி, இந்தக் கணம் என்ன செய்கிறீர்கள், அதைத்தான் நினைக்கிறீர்களா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று விசாரித்து, முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 47 தடவை மனம் கைக்காரியத்தில் இல்லை; அவ்வாறு மனம் அலைந்தபோது மனிதர்கள் பொதுவாக மகிழ்ச்சி குறைந்தவர்களாகவே இருந்தார்கள். இன்பமான விஷயத்தை நினைத்து அலைந்தவர்கள்கூட, செய்கிற காரியத்தில் மனம் வைத்திருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சி அடையவில்லை என்பதே அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒன்றை மிகத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் நான் இந்த வட்டாரத்துத் தொழிலாளிகளுக்குத் துரோகம் செய்தவனாவேன். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பவர் பிரஸ்ஸில் நிற்கிறவனுக்குக் கவனம் என்பது ஆன்மிகச் சொல் மட்டுமன்று; கை மிஞ்சுவதும் போவதும் அதில் இருக்கிறது. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலொழிய இறங்காதபடி அந்த யந்திரத்தை அமைத்திருப்பதற்குக் காரணம், எவ்வளவு தேர்ந்தவனுடைய மனமும் என்றாவது ஒரு கணம் நழுவும் என்பதுதான். உற்பத்தி வேகத்துக்காக அந்தக் காப்பை நீக்கிவிட்டு, உறக்கமில்லாமல் இரட்டை ஷிப்டு பார்த்தவனிடம் மனத்தை ஒருமுகப்படுத்து என்று உபதேசிப்பது அதர்மம். ஓய்வும், தக்க கூலியும், யந்திரத்துக்குக் காப்பும் நிர்வாகம் தர வேண்டியவை. தியானம் அவற்றுக்கு ஈடாகாது. கண்ணை மூடி உட்கார்ந்தால் பயமும் துக்கமும் பெருகுகிறவர்களும் சிலர் உண்டு. அவர்கள் அதை வற்புறுத்திச் செய்யாமல் வைத்தியரிடம் போவதே உசிதம். அமைதியாக இருக்கக் கற்றவன் அநியாயத்தையும் அமைதியாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் நினைக்க வேண்டாம். மனம் தெளிந்தவனுக்கு எது தன் சினம், எது தன் உரிமை என்று பிரித்தறிவது எளிதாகும் என்பதே என் நம்பிக்கை.

இதை வாழ்க்கையில் கொண்டுவருவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது மிகச் சொற்பம். ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்கள், அடுத்த புள்ளிக்குப் போகும் இழை விரலிடுக்கிலிருந்து மாவாக இறங்குவதை அறிந்து போடலாம். கீரை ஆய்கிறவர்கள் ஆய்கிற இலையைப் பார்த்து ஆயலாம். சாப்பிடுகிறவர்கள் முதல் நாலு கவளத்தையாவது கைபேசியைப் பாராமல் சாப்பிடலாம். தேர்ந்தெடுத்த காரியம் சிறியதாக இருக்கட்டும், ஆனால் தினந்தோறும் வருவதாக இருக்கட்டும். மனம் ஓடும். ஓடியதற்காகத் தம்மைத்தாமே கடிந்துகொள்கிறவர்கள் இரண்டாம் தடவையும் ஓடுகிறார்கள். ஆகையால் கடிந்துகொள்ளாமல், பூக்கட்டும் அந்த அம்மாளைப்போல, மறுபடியும் கைக்கு வந்துவிட வேண்டும். நூறு தடவை ஓடினால் நூறு தடவையும் வரலாம். வந்தது ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு.

நாளைக் காலையில் கடம்பத்தூரில் வண்டி ஏறியதும், உட்கார இடம் கிடைத்தாலும் சரி, கம்பியைப் பிடித்து நின்றாலும் சரி, ஏகாட்டூர் வரும் வரையில் மட்டும், உள்ளே வருகிற மூச்சையும் வெளியே போகிற மூச்சையும் அறிந்துகொண்டிருங்கள். சில நிமிஷப் பிரயாணம்தான். அடுத்த நிலையம் திருவள்ளூர். மனம் இசைந்தால் அதுவரையிலும் தொடருங்கள்.